துக்கமும் பணிவிடையும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)



"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்" என்பது பழமொழி. படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் பணிவிடை செய்வதும் அவ்வாறே. நம் கையால் செய்து பார்க்கும்வரை, சோறு ஊட்டி மாத்திரை கொடுக்கும் வேலைதானே என்று தோன்றும். ஆண்டு மலருக்கு ஓர் அறிவியல் கட்டுரை தருமாறு எங்கள் துறைப் பேராசிரியர் கேட்டபோது, தவளையின் இரத்த ஓட்டத்தைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் கடந்த ஓராண்டில் வகுப்பறையில் கற்றதைவிட வீட்டில் கற்றதே மிகுதி. ஆகவே அதையே எழுதத் துணிந்தேன். குற்றங்குறை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

என் ஊர் மேலூர்ப் பக்கம், பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள ஒரு சிற்றூர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். நான் மேல்நிலை இரண்டாம் ஆண்டு படிக்கையில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. அம்மாவுக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். இருவரையும் பார்த்துக்கொண்டு, தையல் இயந்திரம் மிதித்து, என்னைச் சென்னைக்குப் படிக்க அனுப்பியவள் என் அக்கா.

நான் அங்கே முதலாண்டு படித்துக்கொண்டிருந்தபோது, ஐப்பசி மாத மழையில் வந்த டெங்குக் காய்ச்சலில் ஆறே நாளில் அக்கா போய்விட்டாள். அவளுக்கு வயது 25. இரவுப் பேருந்தில் ஏறி, விடியற்காலையில் மாட்டுத்தாவணியில் இறங்கி, வீடு வந்து சேர்ந்தபோது எனக்காகத்தான் காத்திருந்தார்கள். கருமாதி முடிந்ததும் சித்தி வந்து கோடைவரை இருந்தார். அவருக்கும் ஒரு குடும்பம் உண்டல்லவா? முதலாண்டுத் தேர்வை எழுதிய கையோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தேன். இக்கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் சேர்ந்தேன்.

ஒருவரை இழந்த துக்கம் ஒருபுறம். அவர் செய்துவந்த வேலையை அப்படியே ஏற்க வேண்டிய கடமை மறுபுறம். இவ்விரண்டும் ஒரே வீட்டுக்குள் ஒரே நேரத்தில் வந்தால் என்ன ஆகும் என்பதே இக்கட்டுரையின் பொருள். இது என் ஒருவன் வீட்டுக் கதை என்று எண்ண வேண்டா. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டிலோ 10.4 பேர். 2021ஆம் ஆண்டுக்கென மதிப்பிட்ட கணக்கில் தமிழ்நாட்டின் விழுக்காடு 13.6 ஆக உயர்ந்தது. பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட, முதியவர்கள் மட்டும் தங்கியிருக்கும் வீடுகள் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி என்று மதுரையைச் சுற்றி எத்திசையிலும் உள்ளன. அவ்வீடுகளில் ஒரு தூண் சாய்ந்தால் அடுத்த தூணாக யாரேனும் ஊர் திரும்பத்தான் வேண்டும்.

பக்கவாதம் என்பது யாது?

மனித மூளை உடல் எடையில் ஏறத்தாழ நூற்றில் இரண்டு பங்கே உள்ளது. ஆனால் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. ஆகவே சிறிது நேரம் இரத்தம் தடைப்பட்டாலும் அது தாங்காது. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயில் அடைப்பு ஏற்படுவது ஒருவகைப் பக்கவாதம். குழாய் வெடித்து இரத்தம் கசிவது மற்றொரு வகை. முதல் வகையே பெரும்பான்மை. பெரிய குழாயொன்று அடைபட்டால் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்து உண்டு. ஆயினும் நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள், தலையை ஸ்கேன் எடுத்துக் கசிவு இல்லை என்று உறுதி செய்த பிறகே அதைப் போட முடியும்.

முகம் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமல் விழுதல், பேச்சு குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே 108க்குச் சொல்லிப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கள் அப்பாவுக்கு வந்த அன்று, "வாயுப் பிடிப்பு, விடிஞ்சா சரியாயிரும்" என்றார் ஒருவர். புறா இரத்தம் தடவச் சொன்னார் இன்னொருவர். நாங்களும் விடியும்வரை காத்திருந்தோம். அந்த ஓர் இரவின் விலையை இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். படித்தவர் இல்லாத வீடு என்பதற்கு என்ன பொருள் என்று அன்றுதான் நான் அறிந்தேன்.

மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தை இயக்குகிறது. பெரும்பாலோருக்குப் பேச்சுக்குரிய இடமும் அந்த இடப்பாதியில்தான் அமைந்துள்ளது. 1861இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா, "டான்" என்ற ஓர் ஒலியைத் தவிர வேறொன்றும் பேச இயலாத நோயாளி ஒருவரின் மூளையை, அவர் இறந்தபின் ஆராய்ந்து, இட முன்பகுதியில் சிதைவு இருப்பதைக் காட்டினார். அவ்விடம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அது பழுதுபட்டால் பேச்சுதான் போகும். பிறர் பேசுவதைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் பெருமளவு எஞ்சியிருக்கும்.

இதை வகுப்பில் கேட்ட அன்று எனக்கு உட்கார முடியவில்லை. ஏனெனில் எங்கள் அப்பாவுக்கும் எஞ்சியது ஒரே சொல்தான்: "ஆமா." கேதம் கேட்க வந்தவர்கள், "இப்படிப் பிள்ளையப் பறிகொடுத்திட்டீகளே" என்று அழுதால், அப்பா "ஆமா, ஆமா" என்பார். "அவுகளுக்கு ஒண்ணும் விளங்கல. அதுவும் ஒரு புண்ணியந்தான்" என்று ஊர் பேசியது. நானும் அப்படியே நம்பினேன். அவர் எதிரிலேயே அக்காவின் துணிமணிகளை எடுத்துக் கட்டினோம். அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது! அன்று மாலை வீட்டுக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, அக்கா இல்லாதது உங்களுக்கும் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டேன். இடக்கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்ன "ஆமா"வை நான் மறக்கமாட்டேன்.

அக்காவின் நோட்டு

அக்கா ஒரு நோட்டு வைத்திருந்தாள். முன்பக்கம் பால் கணக்கு. பின்பக்கமிருந்து அப்பாவுக்கும் அம்மாவுக்கும் செய்ய வேண்டியவை. "அது மாடத்துல இருக்குப்பா, எடுத்துப் பாரு" என்று அம்மா பலமுறை சொன்னார். அவள் கையெழுத்தைக் காணும் துணிவு எனக்கில்லை. நாளை பார்ப்போம், நாளை பார்ப்போம் என்று ஒன்றரை மாதம் தள்ளினேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் அப்பா தண்ணீர் வேண்டுமென்று சைகை காட்டினார். படுத்திருந்தபடியே தம்ளரில் ஊற்றினேன். புரையேறியது, அப்போதைக்கு அடங்கியது. மறுநாள் காய்ச்சல், நெஞ்சில் கறகறவென்று சத்தம். நுரையீரலில் சளி கட்டிப் பதினொரு நாள் மருத்துவமனையில் கிடந்தார். பக்கவாதம் கண்ட பலருக்கு விழுங்கும் தசைகளும் தளர்ந்துவிடும். உணவும் நீரும் மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் என்று மருத்துவர் விளக்கினார். ஊர் திரும்பியதும் நோட்டை எடுத்தேன். பின்பக்கத்தின் முதல் வரியே இதுதான்: "அப்பாவுக்குத் தண்ணி படுக்கவச்சுக் குடுக்கக் கூடாது. உக்கார வச்சு, ஸ்பூன்ல."

நான் அக்காவை நினைத்து அழவும் இல்லை. அவள் எழுதியதைப் படிக்கவும் இல்லை. இரண்டையும் தள்ளிப்போட்டதன் விளைவை அப்பா அனுபவித்தார்.

அந்நோட்டில் இருந்தவற்றையும் பிறகு மருத்துவரும் இயன்முறைச் சிகிச்சையாளரும் சொன்னவற்றையும் பிறருக்குப் பயன்படும் என்று இங்கே தருகிறேன். உணவு கொடுக்கும்போது நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி, சிறுசிறு கவளமாகக் கொடுக்க வேண்டும். உண்டபின் அரை மணி நேரம் படுக்க வைக்கலாகாது. புரண்டு படுக்க இயலாதவரை இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையேல் முதுகின் அடி, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் இரத்த ஓட்டம் நின்று படுக்கைப் புண் வரும். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள் மூட்டு நழுவும். ஆகவே தோளுக்குப் பின்னால் கைகொடுத்துத் தூக்குவதே முறை. இரத்த அழுத்த மாத்திரையை ஒருநாளும் நாமாக நிறுத்தக் கூடாது.

அம்மாவைப் பற்றியும் ஒரு வரி இருந்தது: "சாப்பிடாட்டி மாத்திரை குடுக்காதே." அக்கா போன பிறகு அம்மா சோற்றைத் தொடாமல் மாத்திரையை மட்டும் விழுங்கிவந்தார். சர்க்கரைக்கான சில மாத்திரைகளை உணவின்றி உட்கொண்டால் இரத்தத்தில் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடும். வியர்த்து, கை நடுங்கி, மயக்கமும் வரும். அந்நிலையில் உடனே சர்க்கரையோ வெல்லமோ கொடுக்க வேண்டும். விழுங்க இயலாத அளவுக்கு மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

துக்கம் என்பது என்ன?

துக்கத்தை நாம் மனத்தின் காரியமாகவே எண்ணுகிறோம். அது உடலிலும் வேலை செய்கிறது. 1942 நவம்பர் 28 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஓர் இரவு விடுதி தீப்பிடித்து 492 பேர் மாண்டனர். இறந்தோரின் உறவினர் உள்ளிட்ட பலரைக் கவனித்த மருத்துவர் எரிக் லிண்டமான், 1944இல் எழுதிய கட்டுரையில், துக்கப்படுவோருக்குத் தொண்டை அடைத்தல், பெருமூச்சு, உடல் தளர்ச்சி, பசியின்மை ஆகியவை அலையலையாய் வந்து போவதை விவரித்தார். 1969இல் இங்கிலாந்தில் மனைவியை இழந்த 4,486 ஆடவரைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. முதல் ஆறு மாதங்களில் அவர்களிடையே இறப்பு, எதிர்பார்க்கத்தக்க அளவைவிட நூற்றுக்கு 40 மிகுந்திருந்தது. "ஏக்கத்திலேயே போயிட்டாக" என்று நம் கிராமத்தார் சொல்வது வெறும் பேச்சன்று.

ஆகவே துக்க வீட்டில் உள்ள நோயாளியை இரு மடங்கு கவனிக்க வேண்டும். கவனிப்பவரும் துக்கத்தில் இருப்பவர் என்பதுதான் சிக்கல்! இதற்கு விடைபோல எனக்குத் தோன்றியது, நெதர்லாந்து நாட்டில் பணியாற்றிய மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இருவர் 1999இல் வெளியிட்ட கருத்து. துக்கப்படுவோர் ஒருபொழுது இழப்பை நோக்கித் திரும்புகிறார்கள். மறுபொழுது வாழ்க்கையைச் சீர்படுத்தும் வேலைகளை நோக்கித் திரும்புகிறார்கள். ஊஞ்சல்போல இப்படி மாறிமாறிப் போவதே இயல்பு என்கிறார்கள் அவர்கள். எப்போதும் அழுதுகொண்டே இருப்பதும் கேடு. அழுகைக்கே இடங்கொடாமல் வேலையிலேயே மூழ்குவதும் கேடு. நான் இரண்டாவது வகையில் விழுந்திருந்தேன்.

நம் ஊர் வழக்கங்களை நினைத்துப் பார்த்தால், முன்னோர் இதை ஓரளவு அறிந்திருந்தார்கள் என்று தோன்றுகிறது. ஒப்பாரி வைப்பவர் இறந்தவரின் பெருமையைச் சொல்லிச் சொல்லி அழ இடந்தருகிறார். அதே வேளையில் துக்க வீட்டில் அடுப்பெரியாது. உறவினர் சோறு கொண்டுவருகிறார்கள். அழுவோருக்கு வேலையில்லாமல் செய்து, பின் கருமாதி என்று ஒரு நாளைக் குறித்து, மறுபடி வேலைக்கு அனுப்புகிறார்கள். குறை எங்கே என்றால், பதினாறு நாளோடு எல்லாரும் போய்விடுகிறார்கள். அதன்பின்தான் வீடு வெறிச்சென்று ஆகிறது. மேலும் ஆண்பிள்ளை அழக்கூடாது என்ற எண்ணம் வேறு நம்மிடையே உண்டு.

இடம் மாறுதல்

ஊர் திரும்புவது பேருந்தில் ஏறி இறங்குவதுபோல் எளிதன்று. படிப்பின் நடுவில் கல்லூரி மாற வேண்டுமானால் இரு கல்லூரி முதல்வர்களின் சம்மதம், மாற்றுச் சான்றிதழ், பல்கலைக்கழக அனுமதி என்று பல படிகள் ஏற வேண்டும். இரு பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டங்களும் ஒன்றாக இருப்பதில்லை. நான் விடுபட்ட இரண்டு தாள்களைத் தனியே எழுத வேண்டியதாயிற்று. ஒரு கையெழுத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு நான்குமுறை நடந்ததும் உண்டு. இவை எண்ணிக்கையில் அடங்கும். சென்னையில் விட்டுவந்த நண்பர்கள், ஆய்வுக்கூடம், நான் போக நினைத்த மேற்படிப்பு ஆகியவை அடங்கா. அக்காவை இழந்தவன் இதற்கெல்லாம் வருந்தலாமா என்று என்னையே கடிந்துகொண்டேன். வருந்தலாம் என்று இப்போது எண்ணுகிறேன். அதுவும் ஓர் இழப்பே. அதைப் பெற்றோர் மீது எரிச்சலாகக் காட்டுவதைவிட, இழப்பென்று ஒப்புக்கொள்வது நல்லது.

கிடைக்கும் உதவிகள்

தனியாகச் சுமப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவனுக்குக் கிடைத்த உதவிகள் சில. 2021 ஆகஸ்டு 5 அன்று தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தர ஏற்பட்டது. படுத்திருப்போருக்கு இயன்முறைச் சிகிச்சையும் அதில் அடங்கும். முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பக்கவாதத்தால் 40 விழுக்காடோ அதற்கு மேலோ ஊனம் ஏற்பட்டவர், மருத்துவச் சான்று பெற்று மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகளிடமிருந்து வாழ்க்கைப் படி பெற 2007ஆம் ஆண்டு மத்திய அரசுச் சட்டம் வழிசெய்கிறது. தமிழ்நாட்டில் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும்.

சட்டம், பெற்றோரைக் காக்காத பிள்ளையைக் கேட்கிறது, நல்லது. காக்கிற பிள்ளையை யார் கேட்பது? மாணவன் நோயுற்றால் மருத்துவச் சான்றிதழ் காட்டி வருகைக் குறைவுக்கு மன்னிப்புப் பெறலாம். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் மாணவனுக்கு அப்படியொரு சான்றிதழ் இல்லை. இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டில் நோயாளியைப் பேணும் 18 வயதுக்குட்பட்டோரின் தேவைகளை அறிந்து உதவும் கடமையை உள்ளாட்சிக்கு விதித்தது. ஜப்பானில் 2024இல் சட்டம் திருத்தப்பட்டு, குடும்பத்தாரைப் பேணும் இளையோர் உதவி பெற வேண்டியவர்களாகச் சேர்க்கப்பட்டனர். நம் வகுப்பிலும் அத்தகையோர் உள்ளனர். முதல் மணிக்குத் தாமதமாக வருபவர்களில் ஒருவரேனும் தாய்க்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வந்தவராக இருக்கலாம்.

மதுரை தந்த எடுத்துக்காட்டு

மனம் சோரும்போது நான் நினைத்துக்கொள்பவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. 1918இல் கரிசல் காட்டு வடமலாபுரத்தில் பிறந்தவர். உறவுப் பெண்கள் மூவர் பேறுகாலத்தில் இறந்ததைக் கண்டே மருத்துவராக விரும்பினார். 1944இல் பட்டம் பெற்று இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். கடும் மூட்டுவாதம் விரல்களைக் கோணலாக்கியது. பேறுகால மருத்துவம் கைகூடாதென்று தெரிந்ததும் கண் மருத்துவம் பயின்றார். தந்தை மறைந்தபின் மூத்த பிள்ளையாக நின்று உடன்பிறந்தாரை ஆளாக்கினார். தாம் மணம் செய்துகொள்ளவில்லை. 1956இல் மதுரை மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். 1976இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வளைந்த அவ்விரல்களால் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். 2006இல் மறைந்தார். அவர் பெரியவர்; நான் சிறியவன். ஆனால் இழப்பும் வீட்டுக் கடமையும் ஒருவன் வழியைத் திருப்பலாம், அடைத்துவிட வேண்டுவதில்லை என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

முடிவாக

நண்பர்களே! உங்கள் வீட்டில் யார் எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? அதைத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றால், இன்றே அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் செய்யும் வேலையில் ஒன்றையேனும் கற்றுக்கொள்ளுங்கள். அக்கா இருந்தபோது நான் விடுமுறைக்கு வந்து, சாப்பிட்டு, தூங்கி, திரும்பிப் போனேன். அந்த நோட்டை அவள் கையாலேயே எனக்குக் காட்டியிருப்பாள், நான் கேட்கவில்லை.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். தாமதமாக வருபவனை வகுப்புக்கு வெளியே நிறுத்துமுன், காரணத்தைத் தனியே ஒருமுறை கேளுங்கள். என்னை அவ்வாறு கேட்ட ஆசிரியர் ஒருவர் இக்கல்லூரியில் இருந்தார். ஆகவேதான் நான் இன்னும் மாணவனாக இருக்கிறேன்.

இப்போது அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு திண்ணைவரை நடக்கிறார். "ஆமா"வோடு "வேண்டாம்" என்ற சொல்லும் வந்திருக்கிறது. அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறார். அக்காவின் நோட்டில் அவள் எழுதி நிறுத்திய இடத்துக்குக் கீழே நான் எழுதத் தொடங்கியிருக்கிறேன். சில நாள் எழுதிவிட்டு அழுகிறேன். சில நாள் அழுதுவிட்டு எழுதுகிறேன். பக்கங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன.